பருத்திமாரில் இனிப்பு

“தாயி, வர்ற வெள்ளிக்கிழமை என் கையாலேயே தீ வைக்கணுமாம்!” என்று பொருமினான் முத்திருளன்.

குரு வெள்ளையம்மைக்கு முப்பது வயது. சீடனுக்கு அறுபது. அந்தக் கரிசல்காட்டு மடத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

“எதுக்குத் தீ?”

“பருத்தி எடுத்து முடிஞ்ச மாருக்கு, காஞ்ச செடிக்கு. வெறும் குப்பை, புழு அடையும்னு நாட்டாமை சொல்றாரு. அந்தக் குச்சியிலயும் நாரு இருக்கு, இனிப்பு இருக்குன்னு நான் சொல்லிட்டேன். ஊரே சிரிக்குது. எடுத்துக் காட்டாட்டி நானே கொளுத்தணுமாம். இல்லேன்னா ஊரைவிட்டுப் போகணுமாம்.”

“இனிப்பு இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், அண்ணாச்சி?”



வெள்ளையம்மை மடத்து வாசலில் கிடந்த மார்க்குவியலின் அடியிலிருந்து ஒரு குச்சியை உருவி ஒடித்தாள். உள்ளே கறையான்.

“இனிப்பு இல்லாததைத் தின்ன இதுக்கென்ன, பைத்தியமா?” என்றாள்.

அவன் ஓடினான். குச்சிகளை நசுக்கினான். புளித்தண்ணீரில் போட்டு, பானையை மூடி, ஆத்திரத்தோடு அடுப்பை எரித்தான். கரிந்த கசப்புதான் மிஞ்சியது.

“தீயைக் குறைங்க. நாட்டாமையையும் உள்ள போட்டு வேக வைக்காதீங்க” என்றாள் குரு.

மறுபடி சிறு தீயில் வைத்தான். பகலெல்லாம் பக்கத்திலேயே கிடந்தான். வடித்த நீரைச் சுண்ட வைத்தபோது, லேசாக, ஆனால் நிஜமாகவே இனித்தது. சக்கையைச் சாம்பல் தண்ணீரில் வேகவைத்து அலசினான். வெளுத்த நார் கையோடு வந்தது.

அறுபது வயதை மறந்து குதித்தான்.

வெள்ளிக்கிழமை நாட்டாமை ஊரோடு வந்தார். நாரைத் தொடவில்லை. பாகை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“குப்பையை நக்க நான் என்ன மாடா? கொளுத்துய்யா!”

தீப்பந்தத்தை அவன் கையில் திணித்தார்.

“ஒரே ஒரு சொட்டு... நாக்குல வச்சுப் பாருங்க.”

கெஞ்சும்போதே அவனுக்கு அழுகை முட்டியது. குருவைப் பார்த்தான்.

வெள்ளையம்மை கிண்ணத்தை வாங்கி, விரலால் வழித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

“அவர் சாப்பிட்டாத்தான் இனிக்குமா, அண்ணாச்சி?”

முத்திருளன் நாட்டாமையிடம் நீட்டியிருந்த கையை இறக்கினான்.

பிறகு பந்தத்தோடு நடந்தான். மார்க்குவியலைத் தாண்டிப் போனான். பந்தத்தை அடுப்பில் செருகி, அடுத்த பானையை ஏற்றினான்.

“நாளைக்கு இந்த ஊர்ல நீ இருக்க மாட்டே!” என்று கத்தினார் நாட்டாமை.

“இருப்பேன், நாட்டாமை. உங்க காட்டு மாரையும் கொண்டாந்து இங்கேயே கொட்டுங்க.”