மேலே ஒரு கை, கீழே ஒரு கை

“டீச்சர், சத்தம் நல்லாத்தான் வருது. ஆனா ஒவ்வொரு அலையிலயும் ஒரு மடிப்பு விழுது” என்றார் ஞானசிகாமணி.

அவருக்கு வயது அறுபத்தொன்று. வள்ளியூர் பஜாரில் நாற்பது வருஷமாக ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் பழுது பார்க்கிறவர். டீச்சர் எப்சிபாவுக்கு முப்பத்து மூன்று. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் எடுக்கிறாள். சனிக்கிழமை விடிந்தால் அவர் அவளுடைய லேபில் மாணவராக வந்து உட்கார்ந்துவிடுவார்.

மேஜைமேல் ஒரு சின்னப் பெட்டி. வயிற்றில் வைத்தால் உள்ளே இருக்கும் பிள்ளையின் இதயத்துடிப்பைக் காதுக்குக் கொண்டுவரும். மலைக் குடியிருப்புக்குப் போகிற நர்ஸ் ரமணிக்காக அவர் செய்தது. அங்கே கரண்ட் கிடையாது. இரண்டு பென்சில் பேட்டரிதான். பக்கத்தில் அதன் சத்தத்தை அலையாக வரைந்து காட்டும் திரை.

ரமணியும் வந்திருந்தாள். பதினோரு மணிக்கு அவளுக்கு ஜீப். மலைமேல் நிறைமாசமாக இருக்கும் ஒருத்தி, “என் பிள்ளை சத்தத்த ஒருதரமாவது கேட்டுரணும்க்கா” என்று சொல்லியிருந்தாள்.

முதலில் சத்தத்தைப் பெருக்க அவர் பழைய சிப் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். பேட்டரி தந்ததே மூன்று வோல்ட். அதில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று விட்டுவிட்டு, நடுவில் மட்டும் அது ஆடியது. துடிப்பின் தலையும் காலும் வெட்டுப்பட்டன.

பிறகு எப்சிபா கொடுத்த புதுச் சிப். ரெயில்-டு-ரெயில் ஆப்-ஆம்ப் என்றாள். பேட்டரியின் மேல் எல்லை ஒரு ரெயில், கீழ் எல்லை இன்னொன்று. இது இரண்டையும் எட்டியது.

எட்டும் வழியில்தான் இந்த மடிப்பு.

“மாத்திப் போட்டா ஓடுதுல்லான்னு விடுற ஆள் நான் இல்ல, டீச்சர். உள்ள என்ன நடக்குன்னு சொல்லுங்க.”

எப்சிபா ஒரு டம்ளரை எடுத்து நீட்டினாள்.

“இத மேல இருந்து விளிம்பப் பிடிச்சு, மேஜைக்கு அடியில கொண்டுபோய் மேல முட்டுங்க, அண்ணாச்சி.”

முட்டினார். மேஜையில் இடித்தது அவர் விரல்.

“பழைய சிப்” என்றாள். “தள்ளுற கை எப்பவும் டம்ளருக்கு மேல. கைக்கு இடம் போக மிச்சம்தான் டம்ளருக்கு.”

அவர் டம்ளரைப் பக்கவாட்டில் பிடித்து உயர்த்தினார். ணங் என்றது.

“புதுச் சிப்!” என்று கத்தினார்.

“அதுவும் ஒரு மயிரிழை இடம் விடும்.”

“விடட்டும். இது வெளிய போற வழி. என் மடிப்பு எங்க?”

“உள்ள வர்ற வழியில. ரமணி, மேஜைமேல ஏறு.”

“நானா?”

“செருப்பக் கழட்டிட்டு ஏறு. அண்ணாச்சி, நீங்க தரையில உக்காருங்க. அவ குனியக் கூடாது, நீங்க எந்திரிக்கக் கூடாது. நான் சுவர்ல அடிக்கிற புள்ளிமேல எப்பவும் ஒரு கை இருக்கணும்.”

எப்சிபாவின் கையிலிருந்து சுவரில் சிவப்பு லேசர் புள்ளி ஒன்று விழுந்தது.

தரையோரம் ஓடியது. ஞானசிகாமணி அமுக்கினார். கூரைக்குத் தாவியது. ரமணி அமுக்கினாள். மறுபடி இறங்கி, இருவருக்கும் எட்டுகிற இடத்துக்கு வந்தது. இரண்டு கையும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. ரமணியின் வளையல் அவர் விரல் முட்டியில் பட்டது.

“ஐயோ, அண்ணாச்சி!” ரமணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. விரலைத் தடவிக்கொண்டே சுவரைப் பார்த்தார்.

“உள்ள ரெண்டு ஜோடி டிரான்சிஸ்டரா, டீச்சர்?”

“ம்.”

“ஒண்ணு மேல பாத்துக்கும். ஒண்ணு கீழ பாத்துக்கும். கை மாறுற இடத்துல...”

“ரெண்டு கையும் ஒரே மாதிரி இருக்காதுல்லா.”

“அப்ப மடிப்பு போகவே போகாதா?”

எப்சிபா புள்ளியைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். அவர் கை வைத்தார். புள்ளி நகரவில்லை.

“என்ன டீச்சர், ஆட்டம் முடிஞ்சிட்டா?”

புள்ளி அங்கேயே நின்றது. மேஜைமேல் ரமணி சும்மா நின்றாள்.

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். ரமணியை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி உள்ளங்கையைப் பார்த்தார்.

முழங்கால் சடக்கென்று சத்தமிட எழுந்து சால்டரிங் அயர்னை எடுத்தார்.

“சிப்புல உள்ள வர்ற கால ஒரே இடத்துல உக்காத்தி வச்சிட்டா? யாரும் கை மாத்தவே வேண்டாம்! வெளிய போறது மட்டும் ஆடட்டும், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்!”

ஒரு வயரை வெட்டினார். இரண்டு ரெசிஸ்டரைப் பற்றவைத்தார். திரையில் அலை எழுந்து கூரையைத் தொட்டு, வழுக்கி இறங்கித் தரையைத் தொட்டது. மடிப்பு இல்லை.

ரமணி பெட்டியைத் தன் நெஞ்சிலேயே வைத்துக் கேட்டாள். கண் விரிந்தது.

“யம்மா, எனக்குள்ளயா இவ்வளவு சத்தம்!”

வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது.

எப்சிபா திரையிலிருந்து கண்ணெடுக்காமல், “ஆனா அண்ணாச்சி, இப்படிப் போட்டா அலை தலைகீழால்லா வருது” என்றாள்.

ஞானசிகாமணி பெட்டியை மூடி ரமணியின் கையில் கொடுத்தார்.

“நிறைமாசப் பிள்ள வயித்துக்குள்ள எப்படிம்மா கிடக்கும்?”

“தலைகீழாத்தான்.”

“அப்ப நேராத்தான வருது, டீச்சர்!”