கட்டம் கட்டமாய் ஒரு பெயர்

மூன்றாமாண்டு மாணவி மாதங்கிக்கு நடந்தது பச்சை அநியாயம். கல்லூரிக் கண்காட்சிப் போட்டிக்காகப் பரீட்சையைக்கூட மறந்து கம்ப்யூட்டரில் அவள் வரைந்த நடைபாலத்தில் அவள் பெயர் இருக்கக்கூடாதாம். துறைத்தலைவர் ஞானசிகாமணியின் பெயர்தான் வளைவெழுத்தில் மின்ன வேண்டுமாம். பரிசும் அவருக்கே.

"சின்னப் பொண்ணு பேரை யாரும்மா பார்ப்பாங்க?" என்றார்.

"சரி சார்" என்று, தன் லேப்டாப்பில் மட்டும் இருந்த எழுத்துருவில் பெயரைப் போட்டுக் கொடுத்தாள். எழுத்தைக் கோடுகளாக மாற்றினால்தான் அது வேறு கம்ப்யூட்டரிலும் தெரியும். அவள் மாற்றவில்லை. அவரும் கேட்கவில்லை, தெரிந்தால்தானே கேட்பார்!

கண்காட்சியன்று கல்லூரிக் கம்ப்யூட்டரிலிருந்து இருண்ட அரங்கின் திரையில் பாலம் பனிமூட்டத்தின் மேல் மிதந்து வந்தது. கம்பிகளில் நிலா வழிந்தது. எல்லோரும் அதன்மேல் நடந்துபோவதுபோலக் கிறங்கியிருந்தார்கள்.

"முழுக்க என் கம்ப்யூட்டர்ல நானே வரைஞ்சது" என்று சிறப்பு விருந்தினரிடம் குழைந்தார் தலைவர். பாலம் மெல்லத் திரும்பியது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் மினுங்கின.

"என்னம்மா பண்ணித் தொலைச்ச? இப்பவே என் பேரை வர வை!" என்று மாதங்கியிடம் பல்லைக் கடித்தார்.

மாதங்கி அரங்கமே கேட்கச் சொன்னாள்: "வரைஞ்ச கம்ப்யூட்டர்ல அது தானா வரும் சார். உங்களோடதைக் கொண்டு வாங்களேன், எல்லாருமா பார்ப்போம்."