செங்கோலுக்கு இடப்பக்கம் நடந்தவர்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் சண்டைக்கு வரக்கூடிய ஒரு தேசத்தில், எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்கிற ராஜா இருந்தார். அவர் சபைக்கு வந்த வெளிதேசத்துப் பண்டிதர் ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டுப் போனார்:

"அணுவிலும் சிறிய துகளின் அலை இரண்டாகப் பிரிந்து, மூடிவைத்த காந்தத்தின் இருபுறமும் போகும். காந்தத்தின் விசை வெளியே கசியாது. அலையும் காந்தத்தைத் தொடாது. ஆனாலும் மறுபுறம் சேரும்போது தாளம் பிசகியிருக்கும்."

அன்றிலிருந்து ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. விகடகவி அம்பலவனைக் கூப்பிட்டார்.

"தொடாததால் தாளம் எப்படிப் பிசகும்? எமக்குக் காட்டு."

"துகள் கண்ணுக்குத் தெரியாது, மகாராஜா. மூடிய அறை ஒன்றைச் சுற்றி ஆளை நடக்கவிட்டுக் காட்டலாமா?"

"காட்டு."

பிரதானி வீழிநாதருக்கு அம்பலவன்மேல் நெடுநாள் வயிற்றெரிச்சல். "நடப்பவர்கள் என் வீரர்கள். அறைக்கு முத்திரை வைப்பவன் நான். தோற்றால் இவன் தேசத்தை விட்டுப் போகட்டும்" என்றார். ராஜா தலையசைத்தார்.

அம்பலவனை ஏற்கெனவே இரண்டு தேசங்கள் துரத்தியிருந்தன. மூன்றாவதும் துரத்தினால் போக்கிடம் கிடையாது. ஆனாலும், "ஆகட்டும்" என்றான்.

முற்றத்து நடுவில் கல்லால் கட்டிய வட்ட அறை ஒன்று காலியாக இருந்தது. வாசலிலிருந்து இரண்டு வீரர்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றி நடந்தார்கள். பின்புறம் சந்தித்தபோது நான்கு கால்களும் ஒரே ஆள் நடப்பதுபோல் விழுந்தன.

"இப்போது காந்தத்தை உள்ளே வை" என்றார் ராஜா.

"காந்தம் இரும்பைத்தான் அசைக்கும், மகாராஜா. மனிதரை அசைக்கத் தங்கள் செங்கோலைக் கொடுங்கள்."

பிரதானியே செங்கோலை உள்ளே வைத்துப் பூட்டி, அரக்கு முத்திரை இட்டார். வீரர்கள் மறுபடி நடந்தார்கள்.

அந்தத் தேசத்தில் செங்கோலை இடக்கைப் பக்கம் விட்டு யாரும் கடப்பதில்லை. கடந்தே ஆகவேண்டுமென்றால் நின்று வணங்கிவிட்டுத்தான் கடப்பார்கள். அறை இடக்கைப் பக்கம் வந்த வீரன் மூன்றாவது அடியில் நின்றான். மொட்டைச் சுவரைக் கும்பிட்டான். பிறகு நடந்தான். பின்புறம் இவன் வலது காலும் அவன் இடது காலும் மோதிக்கொண்டன.

"மோசடி" என்றார் பிரதானி. "கோல் என்ன செய்தது? இந்தக் கோழை பயந்தான், அவ்வளவுதான்."

"கோல் வெளியே வரவில்லை. இவர் உள்ளே போகவில்லை. முத்திரை தங்களுடையது. தாளம் மட்டும் பிசகிவிட்டது. பண்டிதர் சொன்னதும் இதுதானே, பிரதானியாரே?"

"என் நடை பிசகாது."

"அப்படியானால் தாங்களே அறையை இடக்கைப் பக்கம் விட்டு நடந்து காட்டுங்கள்."

பிரதானி வீறாப்பாக மூன்று அடி வைத்தார். நாலாவது அடிக்குக் காலைத் தூக்கியபோதுதான் அவருக்கு உறைத்தது. வணங்காமல் போனால் ராஜ அவமதிப்பு. வணங்கினால் அம்பலவன் ஜெயித்தான். ராஜா மீசையை நீவியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

ராஜாவுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலவனுக்குப் போட்டார். "எம் ஆயுள் உள்ளவரை நீ இந்தச் சபையை விட்டு எங்கும் போக வேண்டாம்."

அம்பலவன் கும்பிட்டான்.

"பிரதானியாரைக் காலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள், மகாராஜா. வயதானவர்."