நயினார் கடிகாரத்துல மணி ஒண்ணரை

எத்தன வாட்டிதான் கேப்ப தாயி, இன்னும் எவ்வளவு நேரம்னு? இந்தப் பிளேன் டொராண்டோ போக இன்னும் எட்டு மணி நேரம் கெடக்கு. எனக்கும் கால் வீங்கிப்போச்சு, இடுப்பு ஒடியுது. பேசாம சாஞ்சுக்க, கதை சொல்லுதேன். ம் கொட்டணும். கொட்டலன்னா நான் தூங்கிருவேன்.

ஒரு ஊர்ல ஒரு டைம்கீப்பர் இருந்தான். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுல வேலை. பேரு நயினார். அவன் கடிகாரத்தப் பாத்து பீப்பீன்னு விசில் ஊதுனாத்தான் பஸ்ஸு நகரும்.

"அது நீதான தாத்தா?"

குறுக்க பேசாத. ம் மட்டும் சொல்லு.

"ம்."

அப்போ, அவன் மக வடிவு கனடாவுல பிள்ளத்தாச்சியா இருந்தா. அம்மா இல்லாத பிள்ள. போன்ல அழுதா. "சாயங்காலம் ஏழு மணிக்கு ஆபரேஷன் பண்ணிப் பிள்ளைய எடுக்காங்கப்பா. நீங்க கதவுக்கு வெளிய நின்னாப் போதும், எனக்குப் பயம் இருக்காது." விசாவும் கடைசி நேரத்துலதான் கெடச்சுது. நயினார் ஆபரேஷன் அன்னைக்கு ஏறுற டிக்கெட்டப் பாத்தான். சென்னையில காலைல நாலு, டொராண்டோவுல அன்னைக்கே சாயங்காலம் நாலு. "பதிமூணாயிரம் கிலோமீட்டர், பன்னெண்டு மணி நேரமா? நம்ம தென்காசி பஸ்ஸு நாப்பது கிலோமீட்டருக்கே ஒரு மணி நேரம் முக்குது"ன்னு சந்தோசமா ஏறிட்டான். இங்க பகல்னா அங்க ராத்திரின்னு அவனுக்குத் தெரியாமலா? பஸ் ஸ்டாண்டு புத்தி. எறங்குற மணியில ஏறுற மணியக் கழிச்சுட்டான்.

அப்புறம் விர்ர்ருன்னு பறந்தாச்சு. நடுவுல ஒரு ஊர்ல எறங்கி வேற பிளேன் மாறியாச்சு. கடிகாரத்த மட்டும் திருகல. அவன் கடிகாரத்துல நாலு மணியாச்சு. பைய எடுத்துக்கிட்டு எந்திரிச்சான். "உக்காருங்க ஐயா, இன்னும் ஒம்பதரை மணி நேரம் இருக்கு"ன்னு சொல்லிட்டா பணிப்பொண்ணு. லேட்டு போலன்னு நெனச்சான். அஞ்சரைக்குக் கேட்டான், இன்னும் எட்டு மணி நேரம்னா. ஏழுக்குக் கேட்டான், ஆறரைன்னா.

போச்சு. கத்தி வைக்கிற நேரம். எம்மக கதவையே பாத்துக்கிட்டுக் கெடப்பாளேன்னு, துண்ட வாயில பொத்திக்கிட்டு அழுதான் பாரு, ஆறரை மணி நேரமும். பக்கத்து சீட்டுக்காரன் பேப்பர்த் துண்ட நீட்டி நீட்டி ஓஞ்சே போயிட்டான்.

"ம்... பாவம்."

அப்புறம் டொம்முன்னு தரையத் தொட்டுச்சு. அவன் கடிகாரத்துல ராத்திரி ஒண்ணரை. பாஸ்போர்ட் வரிசையில ஒரு மணி நேரம் நின்னு வெளிய வந்தா, கண்ணக் கூசுற வெயிலு! மாப்பிள்ள நிக்காரு. "வடிவு நல்லாருக்காளா? என்ன பிள்ள?"ன்னு அவரு சட்டையப் பிடிச்சான்.

"இங்க மணி அஞ்சுதான் மாமா ஆகுது. ஏழு மணிக்குத்தானே ஆபரேஷன்."

அப்பத்தான் அவன் கடிகாரத்தத் திருகி அஞ்சு மணிக்கு வச்சான்.

அப்புறம் ஆஸ்பத்திரி. வடிவு அப்பா மொகத்தப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே உள்ள போனா. கதவு சாத்தியாச்சு. நயினார் நிக்கத்தான் நெனச்சான். ஒரு நிமிஷம்னு நாற்காலியில உக்காந்தான்... கொர்ர்ர்.

"தூங்கிட்டானா?"

அடிச்சுப்போட்ட மாதிரித் தூக்கம். பாப்பா வீல்னு கத்துனது வராண்டா முழுக்கக் கேட்டுச்சாம், அவனுக்குக் கேக்கல. நர்ஸு தட்டி எழுப்பி மடியில வச்சா. முப்பத்தாறு வருசம் ஊருப்பட்ட பஸ்ஸுக்கெல்லாம் நேரம் குறிச்ச மனுஷன், சொந்தப் பேத்தி எத்தன மணிக்குப் பொறந்தான்னு அடுத்தவங்ககிட்ட கேட்டுக் குறிச்சுக்கிட்டான். அசதி தாயி, வேற ஒண்ணுமில்ல.

"ம்..."

கதை தரையெறங்கியாச்சு, நீ கண்ண மூடு. நானும் தூங்குதேன். ஊரு வந்தா உங்கம்மா எழுப்புவா.