பேர் சொல்லாத அறிமுகம்

எங்கள் ஊர்ச் சமுதாய வானொலியில் தினமும் காலையில் சமையல் சொல்லுகிறவள் பூரணி. ஒருநாள் வாய்தவறி, "செல்லையா கடைப் பெருங்காயம் நல்லா மணக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

நிலையத் தலைவர் நவநீதம் குதித்தார். பாத்திரக்கடை முதலாளி அவர்.

"இது விளம்பரம். இனிமே கடைப் பேரு காதுல விழுந்தா அப்பவே நிகழ்ச்சியை நிறுத்தணும், யாரா இருந்தாலும் சரி. நாளையிலேர்ந்து உன் நேரத்துல நானே பேசுறேன். என்னை அறிமுகம் பண்ணிட்டு நீ கிளம்பிடு."

"சரிங்கய்யா."

மறுநாள் நவநீதம் சால்வையோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பூரணி மைக்கில் ஆரம்பித்தாள்.

"நேயர்களே, இன்று ஒரு பெரியவர் பேசப்போகிறார். அவர் பேரும் அவர் பாத்திரக்கடைப் பேரும் ஒன்றுதான். அதனால் சொல்ல முடியாது."

அவருக்குப் பொறுக்கவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"நவநீதம்னு சொல்லும்மா. கடைத்தெருவுல சின்னப் பிள்ளையும் சொல்லுமே, நவநீதம் பாத்திரக்கடைன்னு."

"கடைப் பேரு வந்துடுச்சுங்கய்யா. நிறுத்திடணும்."

"எதை?"

"உங்க நிகழ்ச்சியைத்தான்."

ஊரே இட்லியும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து போனவர் மறுநாளும் வரவில்லை.

அன்றைய மிச்ச நேரம் வீணாகக்கூடாதே என்று பூரணி வத்தக்குழம்பு சொன்னாள். பெருங்காயம் போடும்போது மட்டும், "எந்தக் கடைன்னு கேட்காதீங்க" என்றாள்.