பெரும்பிடரியாரின் சோளக்குஞ்சம்

ஒரு காட்டில், சீப்பு என்றால் என்னவென்றே தெரியாத காட்டில், முடி கொட்டுகிறதே என்று அழுத சிங்கம் ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே. அதிலும் என் தலையைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவே சிரிக்காதீர்கள். இந்தக் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுந்த மண்டை இந்தத் தெருவில் கிடையாது.

சிங்கத்தின் பெயர் பெரும்பிடரியார். அந்தக் காட்டில் ஒரு வழக்கம். முதல் மழை பெய்யும் அன்று ராஜா பாறைமேல் ஏறி, நனைந்த பிடரியை உலுக்கி, ஒரு கர்ஜனை போட வேண்டும். போட்டால் அந்த வருஷமும் அவர்தான் ராஜா. போடாவிட்டால் வேறு ஆள்.

மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஒரு நாள் காலையில் பெரும்பிடரியார் எழுந்து பார்த்தால், படுத்த இடமெல்லாம் முடி.

"ஐயையோ!" என்று அலறிவிட்டு எண்ண உட்கார்ந்தார். அவருக்கு நான்குக்கு மேல் எண்ணத் தெரியாது. அதனால் நான்கு நான்காக எண்ணி, ஒவ்வொரு நான்குக்கும் ஒரு முறை அழுதார்.

பக்கத்துக் குகையில் சடையம்மாள் என்ற கரடி இருந்தாள். தலை முதல் கால் வரை முடி. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 'ராஜா போய்க் கரடியிடம் முடிக்கு யோசனை கேட்பதா?' என்று கௌரவம் தடுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு நரி வந்தது. எலும்பும் தோலுமாக இருந்ததால் அதற்கு நோஞ்சான் என்று பெயர்.

"ராஜா, இது உடம்புச் சூடு. பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"எப்படிப்பா சரியாகும்?"

"இறைச்சியை அடியோட விடணும். வேட்டையாடினதை இங்கே போட்டுடுங்க. அந்தச் சூட்டை நான் எங்கேயாவது கொண்டுபோய்த் தொலைச்சிடறேன். உங்களுக்கு வல்லாரைக் கீரை."

"கீரையா? நானா?"

"முடி வேணுமா, வேண்டாமா?"

ராஜா கீரைக்குத் தலையாட்டினார். இந்தக் கேள்விக்கு முன்னால் எவ்வளவு பெரிய ஆளும் பூனைதான். நான் ஒரு காலத்தில் தலையில் என்னென்ன பூசினேன் என்று கேட்காதீர்கள். ஒரு வாரம் வீட்டில் யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

ராஜா கீரை தின்றார். முடி இன்னும் கொட்டியது.

"என்னடா இது, முன்னைவிட மோசமா இருக்கே?"

"கெட்ட முடி போகுது ராஜா. நல்ல முடி வர இடம் வேணாமா?" என்றது நரி.

மிச்ச முடியை இழுத்துச் சொட்டையை மறைத்துக் கொடியால் இறுக்கிக் கட்டியும் விட்டது. அவிழ்த்தபோது கொடியோடு முடியும் வந்தது. கவலையில் ராஜாவுக்குத் தூக்கம் போயிற்று. விலா எலும்பு வெளியே தெரிந்தது. நரிக்கோ வயிறு தரையில் இழுபட்டது. அப்போதும் ராஜா தன் தலையைத்தான் பார்த்தாரே தவிர, நரியின் வயிற்றைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் வானம் கறுத்தது.

"நாளைக்கு மழைடா! என் மானமே போகப்போகுது!"

நரி காட்டோரத்துச் சோளக்கொல்லைக்கு ஓடியது. கதிர்களின் குஞ்சத்தைப் பிடுங்கிவந்து, ராஜாவின் தலையில் தேனைத் தடவி ஒட்டியது. பார்க்க அசல் பிடரிதான். தேன் மழையில் கரையும் என்பது வைத்தியருக்கும் தோன்றவில்லை, ராஜாவுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மழை கொட்டியது. எல்லா மிருகங்களும் பாறையடியில் கூடின. ராஜா ஏறி நின்று ஓர் உலுக்கு உலுக்கினார். சோளக்குஞ்சம் மொத்தமாகப் பறந்துபோய், கீழே நின்ற நரியின் தலையில் போய் உட்கார்ந்தது.

குரங்குகள் கிளையைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. மானம் போன ராஜா, கர்ஜித்தாவது அடக்கலாம் என்று வாயைத் திறந்தார்.

"ம்ம்ம்யே..." என்றது தொண்டை.

சிரிப்பு சட்டென்று நின்றது. முடி போனதற்குச் சிரித்தவர்கள், குரல் போனதைக் கேட்டுப் பயந்துவிட்டார்கள்.

சடையம்மாள் பாறைக்கு ஓடிவந்தாள். "ராஜா! என்னதான் சாப்பிடறீங்க?"

"கீரைம்மா. முடிக்காக."

"அட ராமா! மூணு மாசம் முன்னாடி காய்ச்சல்ல கிடந்தீங்களே, அதனால கொட்டியிருக்கும். எனக்கும் குட்டி போட்ட மூணாம் மாசம் கொத்துக் கொத்தா கொட்டுச்சு. நல்லா சாப்பிட்டேன், தானா வந்துச்சு. உச்சியில கொட்டினா அது உங்க அப்பா கொடுத்த சொத்து. அவர் மண்டை இந்தப் பாறை மாதிரி. பத்து மழைக்குக் கர்ஜிச்சாரே, யாராவது முடி எங்கேன்னு கேட்டோமா? சரி, நீங்க கீரை தின்னா, இறைச்சியை யார் தின்னது?"

எல்லாரும் நரியைப் பார்த்தார்கள். அது ஓடப் பார்த்தது. தொப்பை விடவில்லை.

சடையம்மாள் நரியின் குகையிலிருந்து இறைச்சியை எடுத்துவந்தாள். ராஜா வயிறு நிறையத் தின்றார். மழை விடுவதற்குள் மறுபடி பாறைமேல் ஏறி, சொட்டைத் தலையோடு ஒரு கர்ஜனை போட்டார். காடு அதிர்ந்தது. ராஜா அவரேதான்.

"இந்த நரியைக் கொன்னுடலாமா?" என்று கேட்டது யானை.

"சேச்சே! எனக்குப் பார்த்த வைத்தியராச்சே! என் உச்சியில முடி முளைக்கிற வரைக்கும் இவனுக்கு வல்லாரைக் கீரைதான்" என்றார் ராஜா.

நாலு மாதத்தில் கழுத்தைச் சுற்றிப் பிடரி வளர்ந்தது. ராஜா குளத்தில் எட்டிப் பார்த்தார். உச்சி பளபளத்தது.

"அடடே, அப்பா! நீங்களா! சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

நரிதான் பாவம். தினமும் காலையில் வாயில் கீரையோடு வந்து, ராஜாவின் உச்சியில் ஒரு முடியாவது தெரிகிறதா என்று இன்றுவரை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நீதி: முடி ஏன் கொட்டுகிறது என்று கேட்காமல் மருந்துக்கு அலைந்தால், முடியோடு உடம்பும் போகும்.