ஊர்க்கூடையைச் சுமந்தவன்

எந்த அரசன் ஆண்டான் என்று கேட்காதீர்கள். அவன் பெயர் கடலோடு போயிற்று. அந்த அரசன் காலத்தில், உப்பு விளையும் கரையோர ஊர் ஒன்றில், பூதன் என்ற வண்டிக்காரன் தன் அக்காள் மகன் கீரனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஊர் எல்லைப் பனைகளின் அடியில். கீரன் வண்டியின் மேல் நின்றுகொண்டு, வாயில் வெற்றிலையோடு சிரித்தான். முதல்முறை தொழிலுக்குப் போகிற பிள்ளை. சிரிக்காமல் என்ன செய்வான்?

அந்த ஊரார் உப்பு வணிகர்கள். உப்பை வண்டிகளில் ஏற்றி, வெயில் காயும் பொட்டல் காட்டைக் கடந்து, மேற்கே மலையடி ஊர்களில் விற்பார்கள். கீரன் அங்கேயே தங்கிக் கடை வைக்கப் போகிறான். போய்ச் சேரவே ஒரு மாதம் ஆகும். திரும்பி வருவது எப்போதென்று யாருக்கும் தெரியாது.

ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. தூரம் போகிற பிள்ளையின் முதல் வண்டியில் ஒரு பனையோலைக் கூடையைக் கட்டுவார்கள். வீட்டுக்கு ஒருவர் வந்து, தம் வீட்டு உப்பில் ஒரு கைப்பிடி எடுத்து அதில் போடுவார்கள். அதற்கு ஊர்க்கூடை என்று பெயர். அந்த உப்பு மலையடியில் விற்றால் பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்று பொருள். அது வழியில் கரைந்தால், பிள்ளையின் பெயரும் கரைந்தது.

அப்படிப் பெயர் கரைந்த ஒரு கிழவன் ஊரில் இருந்தான். இளமையில் ஒரு மழையில் தன் ஊர்க்கூடையை விட்டுவிட்டு ஓடி வந்தவன். அன்றிலிருந்து அவன் கரைச்சான். தாய் வைத்த பெயரைத் தாயே கூப்பிடவில்லை. கீரனும் சிறு வயதில், "கரைச்சான், கரைச்சான், கஞ்சிக்கு உப்பு இருக்கா?" என்று அவன் பின்னால் பாடிக்கொண்டு ஓடியவன்தான்.

கீரனுக்கு அன்று மூன்று பேர் வழி சொன்னார்கள்.

முதலில் தாய் வெண்ணி வந்தாள். ஒரு கைப்பிடி உப்புப் போட்டாள். "வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் தலையை மூடிக்கொள்" என்றாள்.

"சரி அம்மா, சரி அம்மா. நீ அழுதால் மாடு மிரளும்" என்றான் கீரன்.

இரண்டாவதாகக் கரைச்சான் வந்தான். அவன் கை உப்பைக் கூடையில் போட யாரும் விடவில்லை. தள்ளி நின்றபடியே, "தம்பி, காட்டாற்றில் இறங்கும்போது வானத்தைப் பார். இருண்டிருந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கரையேறிவிடு" என்றான்.

ஊரே சிரித்தது. "ஓட்டத்துக்கு வாத்தியார் வந்துவிட்டார்!" என்றான் ஒருவன்.

மூன்றாவதாக மாமன் பூதன் வந்தான். தகப்பனில்லாத பிள்ளைக்குத் தகப்பனாக இருந்தவன். நடக்கப் பழக்கியவன், வண்டி ஓட்டப் பழக்கியவன், மாட்டின் மனம் அறியப் பழக்கியவன். கரைச்சானைத் தோளால் ஒதுக்கிவிட்டு வந்தான். இரண்டு கைகளாலும் உப்பை அள்ளிப் போட்டான். ஊர் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னான்:

"மருமகனே, தலையே போனாலும் ஊர்க்கூடையை விடாதே. நீ யாருடைய பிள்ளை என்று அந்த மலைக்குத் தெரியட்டும்."

"விட மாட்டேன் மாமா."

பூதனுக்குப் பெருமை நெஞ்சில் கொள்ளவில்லை. வண்டிகள் போயின. புழுதி அடங்கியது. எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்கள்.

மழைக்காலம் முடிந்து வண்டிக்கூட்டம் திரும்பியது. கீரனின் மாடுகள் வந்தன, கீரன் வரவில்லை.

கூட்டத்தின் தலைவன் பூதனை வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போய்ச் சொன்னான். காட்டாற்றில் தண்ணீரே இல்லை. மணல்தான் இருந்தது. வண்டிகள் நடு ஆற்றில் இருந்தபோது மேற்கே வானம் இருண்டது. மலையில் பெய்த மழை ஆற்றுக்குள் இரைந்துகொண்டு வந்தது. மாடுகளை அவிழ்த்துவிட்டு, உப்பை விட்டுவிட்டு, எல்லாரும் கரையேறினார்கள். கீரனும் ஏறினான். ஏறியவன் திரும்பி வண்டியைப் பார்த்தான். பார்த்ததும் இறங்கிவிட்டான்.

"மூன்று முறை கூப்பிட்டோம் பூதா. முதல்முறை கூப்பிட்டபோது, 'கூடை மட்டும்தான், இதோ வந்துவிட்டேன்' என்றான். இரண்டாம் முறை கூப்பிட்டபோது கூடை அவன் தலையில் இருந்தது, தண்ணீர் இடுப்பில் இருந்தது. 'கூடையைப் போடுடா பாவி' என்று கத்தினோம்."

"மூன்றாம் முறை?"

தலைவன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"சொல்லும்."

"'மாமாவுக்கு என்ன பதில் சொல்வேன்' என்றான். அதற்கு மேல் குரல் வரவில்லை."

வீட்டு வாசலில் வெண்ணி நின்றிருந்தாள். யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கியிருந்தது. அவள் அழவில்லை. தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "என் பிள்ளைக்கு நீ என்ன சொல்லி அனுப்பினாய்?"

ஊருக்கே தெரிந்த பதில்தான்.

பூதன் காட்டாற்றுக்குப் போனான். தண்ணீர் வடிந்து, மணலுக்கு நடுவே ஒரு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. கரையெல்லாம் தேடினான். முள்ளிலும் புதரிலும் தேடினான். பிறகு குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தான். ஓர் ஊரின் உப்பு முழுவதும் அதில் கரைந்திருந்தது. தண்ணீர் கரிக்கவில்லை.

திரும்பி வந்தபோது ஊரார் கூடியிருந்தார்கள். "நம் உப்புக்காக உயிர் விட்ட பிள்ளை. எல்லையில் அவனுக்கு ஒரு கல் நடுவோம். மாலை போடுவோம். போகிற பிள்ளைகள் எல்லாம் தொட்டுக் கும்பிட்டுப் போகட்டும்" என்றார் ஊர்த்தலைவர்.

"வேண்டாம்" என்றான் பூதன்.

"ஏன்?"

"கும்பிட்டுப் போகிறவனும் கூடைக்காக இறங்குவான்."

ஊருக்குக் கோபம் வந்தது. துக்கத்தில் உளறுகிறான் என்று விட்டுவிட்டார்கள்.

பூதன் கரைச்சானின் குடிசைக்குப் போனான். அந்த ஊரில் யாரும் மிதிக்காத வாசல். "ஐயா, அன்று நீர் சொன்னதை அவன் கேட்டிருக்கலாம்" என்றான்.

கிழவன் கூரைக்கு ஓலை முடைந்துகொண்டிருந்தான். நிமிரவில்லை. "என் பேச்சை எவன் கேட்பான்? பிள்ளை தன் மேல் பிரியம் வைத்தவன் பேச்சைத்தான் கேட்கும். உன் பேச்சைக் கேட்டான்" என்றான்.

அந்தச் சொல்லோடு பூதன் நெடுநாள் குடியிருந்தான்.

ஆண்டுகள் போயின. கீரனின் தம்பி சேந்தனுக்கு மீசை அரும்பியது. விளைகிற உப்பைத் தின்று பசியாற முடியாது. அவனும் மேற்கே போய்த்தான் ஆகவேண்டும். அதே பனைகள். அதே கூட்டம். வண்டியில் புதிய கூடை ஒன்றைக் கட்டினார்கள்.

கைப்பிடி உப்போடு முதல் ஆள் வந்தபோது பூதன் தன் மேல்துண்டை எடுத்துக் கூடையின் வாயை மூடினான்.

"யாரும் போட வேண்டாம். உங்கள் ஆசி இருந்தால் வாயால் சொல்லுங்கள். கையால் போடாதீர்கள்."

"சகுனத்தைக் கெடுக்கிறாய் பூதா!" என்றார் ஊர்த்தலைவர்.

"மாமனே பயந்தாங்கொள்ளி. பிள்ளை எப்படி உருப்படும்?" என்றாள் ஒருத்தி.

பூதன் கூடையை அவிழ்த்துத் தரையில் வைத்தான். சேந்தனிடம், ஊர் கேட்கட்டும் என்று, உரக்கவே சொன்னான்:

"தைரியமாகப் போ. நன்றாகப் பிழை. வெள்ளம் வந்தால் உப்பை விடு. தொழில் நொடித்தால் கடையை விடு. ஒன்றுமே இல்லாமல் போனால் கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வா. சோறு இருக்கும்."

சேந்தன் மாமனையே பார்த்தான். அண்ணனைப்போல் சிரிக்கிறவன் அல்ல அவன். தாழ்ந்த குரலில் கேட்டான். "இன்றைக்குச் சொல்கிறீர்கள் மாமா. நான் வெறுங்கையோடு வந்து, ஊரே கைகொட்டும்போதும் இதையே சொல்வீர்களா?"

"சொல்வேன்" என்றான் பூதன். சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கே அது உறுதியில்லை. கைகொட்டும் ஊரில் பிறந்து, கைகொட்டியே வளர்ந்தவன் அல்லவா அவனும்?

அந்த மழைக்காலத்திலேயே அதற்கு நாள் வந்தது.

நல்ல பகலில், எல்லார் கண்ணும் திறந்திருக்கும் வேளையில், சேந்தன் மாடுகளைப் பிடித்துக்கொண்டு எல்லையில் வந்து நின்றான். வண்டி இல்லை. உப்பு இல்லை. வேட்டியில் சேறு காய்ந்திருந்தது. ஊருக்குள் வராமல் பனையோரம் நின்றான். உள்ளே வருவதா, இப்படியே எங்காவது போய்விடுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஊர் திரண்டது. ஒருவன் தொடங்கினான். "இதோ வந்தான் சின்னக் கரைச்சான்!"

இன்னொருவன் எடுத்துக்கொண்டான். "அண்ணன் கூடையோடு போனான், தம்பி வெறுங்கையோடு வந்தான்!"

மூன்றாமவன் கைகொட்டினான். சிரிப்பு ஊர் முழுவதும் பரவியது.

பூதனின் கால்கள் ஒரு கணம் எழவில்லை. ஐம்பது வயது வரை கட்டிக்காத்த மானம் அந்த ஒரு கணத்தில் அவனைப் பிடித்து நிறுத்தியது. சேந்தன் அதைப் பார்த்தான். பார்த்து, மாடுகளைத் திருப்பத் தொடங்கினான்.

பூதன் ஓடினான். கிழட்டுக் கால்களோடு, துண்டு விழுந்ததும் தெரியாமல், ஊரைக் கிழித்துக்கொண்டு ஓடினான். மாட்டுக் கயிற்றைச் சேந்தன் கையிலிருந்து வாங்கினான்.

"எங்கே திரும்புகிறாய்? வீடு இந்தப் பக்கம்."

"மாமா, உப்பு..."

"கரைந்தது உப்புதானே? கண்ணுள்ளவர்கள் பார்க்கட்டும், பிள்ளை முழுதாக வந்திருக்கிறான். மாடு தண்ணீர் குடித்ததா? நீ எப்போது சாப்பிட்டாய்?"

குறுக்குப் பாதை ஒன்று இருந்தது. பூதன் அதில் போகவில்லை. நடுத்தெரு வழியாக, ஒரு கையில் மாடும் ஒரு கையில் மருமகனுமாக, ஒவ்வொரு வாசலையும் கடந்து நடந்தான். கைகொட்டியவர்களின் கை மெல்ல ஓய்ந்தது. அவர்கள் வீட்டிலும் போக வேண்டிய பிள்ளைகள் இருந்தார்கள்.

சேந்தன் அடுத்த பருவத்தில் மறுபடியும் போனான். இரண்டு முறை நொடித்தான். இரண்டு முறையும் வந்து சோறு தின்றுவிட்டுப் போனான். பிறகு மலையடியில் அவனுடைய கடை நிலைத்தது. அந்த ஊரில் ஊர்க்கூடை கட்டும் வழக்கம் நின்றுபோயிற்று.

ஆகையால், கேட்டவர்களே, தூரம் போகிற பிள்ளைக்குத் துணிவைக் கொடுப்பவர்கள், தோற்றால் திரும்பி வரும் வழியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

வெண்ணி நெடுநாள் இருந்தாள். அன்று வாசலில் அந்த ஒன்றைக் கேட்ட பிறகு, அவள் தம்பியோடு பேசவே இல்லை.